குளத்துப் புல்லுக்கும் மூச்சு வேண்டும்

கேள்வி: கோவை வடவள்ளிப் பக்கம் சொந்த வீடு. பின்பக்கத் தோட்டத்தில் 12 அடிக்கு 8 அடி, இரண்டரை அடி ஆழத்தில் கருப்பு ஷீட் விரித்துக் குளம் அமைத்திருக்கிறோம். அல்லி இருக்கிறது, கப்பி மீன் விட்டிருக்கிறோம். ஓரத்தில் புல் வகைகள் காற்றில் ஆடினால் அழகாக இருக்கும் என்று நர்சரியில் மூன்று வகை வாங்கிக் குளத்துக்குள் இறக்கினேன். பாப்பிரஸ் இரண்டு மாதத்தில் அழுகிவிட்டது. சிவப்பு ஃபவுண்டன் கிராஸும் போய்விட்டது. ‘ரீட்’ என்று சொல்லிக் கொடுத்த மூன்றாவது மட்டும் ஒரே வருடத்தில் பாதிக் குளத்தைப் பிடித்துவிட்டது. இப்போது தண்ணீரும் வேகமாக இறங்குகிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் தேங்கி எப்போதும் சேறாகக் கிடக்கும் ஒரு மூலையிலும் புல் வைக்க ஆசை. “கோரையை வீட்டுக்குள் விடாதே, பாம்பும் வரும்” என்கிறார் மாமியார். என்ன செய்வது? (படம் இணைத்திருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தைப் பார்த்தேன். குளத்தைப் பிடித்திருப்பது சம்பு. நொய்யல் ஓரத்துக் குளங்களில் ஆள் உயரத்துக்குப் பட்டை இலையும் பழுப்பு நிற உருளைக் கதிருமாக நிற்கிறதே, அதே சம்புதான். அதை முதலில் கவனிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பு, இரண்டு செடி ஏன் செத்தது, ஒன்று ஏன் இப்படிப் பெருகியது என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அது தெரிந்துவிட்டால் அடுத்த முறை நர்சரிக்காரர் என்ன பெயர் சொன்னாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

குளத்தடிச் சேற்றில் ஆக்ஸிஜன் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் எந்தச் செடியின் வேருக்கும் சுவாசிக்கக் காற்று வேண்டும். சதுப்பில் வளரும் செடிகள் அந்தக் காற்றை மேலிருந்து தாமே கொண்டுபோகின்றன. ஒரு சம்பு இலையை அடிப்பக்கம் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே அறை அறையாக வெற்றிடம் தெரியும். அந்த அறைகள் இலையிலிருந்து சேற்றுக்குள் இருக்கும் கிழங்கு வரை தொடர்ந்து போகும். தண்ணீருக்கு மேலே இருக்கும் இலைதான் கிழங்கின் மூக்கு. காய்ந்து நிற்கும் பழைய தண்டு வழியாகக்கூடக் காற்று இறங்கும்.

இதை வைத்து உங்கள் பாப்பிரஸைப் பாருங்கள். தொட்டியைக் குளத்தின் அடியில், இரண்டரை அடி ஆழத்தில் வைத்திருக்கிறீர்கள். பாப்பிரஸ் தண்ணீரை விரும்பும் செடிதான். ஆனால் அதன் புதுக் குருத்து மண்ணிலிருந்து கிளம்பிக் காற்றைத் தொடும்வரை பழைய தண்டுகள் கொண்டுவரும் காற்றை நம்பித்தான் வளர வேண்டும். நர்சரியில் வாங்கிய சின்னச் செடியில் தண்ணீருக்கு மேலே நிற்கும் தண்டு எத்தனை இருந்திருக்கும்? மூச்சு முட்டித்தான் அழுகியது. ஃபவுண்டன் கிராஸ் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துப் புல். தேங்கிய தண்ணீரில் அதன் வேர் நிற்காது. அதைக் குளத்துக்குள் வைக்கச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள். கரையில் மேடாக, தண்ணீர் வடியும் இடத்தில் வைத்தால் நன்றாக வரும், குளத்தை ஒட்டி அழகாகவும் இருக்கும். சம்புவுக்கோ ஓரடி, ஒன்றரையடித் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு அதன் கிழங்கு சேற்றுக்குள் பக்கவாட்டில் ஓடும். ஓடும் கிழங்கின் முனை கூர்மையாக இருக்கும். தண்ணீர் குறைவது அதனால்கூட இருக்கலாம். எதையும் முடிவுகட்டுவதற்கு முன்பு சோதித்துப் பாருங்கள்.

கோவை வெயில் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். உங்கள் குளத்தின் பரப்புக்கு அது 50 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதனால் தண்ணீர் இறங்கினாலே ஓட்டை என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கெட்டில் குளத்து நீரை நிரப்பி, குளத்துக்குள் செங்கல் மேல் வைத்து, பக்கெட்டின் உள்ளே ஒரு கோடும் குளத்தின் ஓரத்தில் ஒரு கோடும் போடுங்கள். இரண்டு நாள் கழித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான் காரணம். குளம் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தால் அது சம்பு உறிஞ்சியதாக இருக்கலாம். இரண்டு மூன்று மடங்கு இறங்கியிருந்தால் கசிவு. ஷீட்டின் ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். கரை மண் ஷீட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே சரிந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த மண் வழியாகவே தண்ணீர் ஊறி ஊறி வெளியே போய்விடும். ஷீட்டைக் கிழித்துப் புதிது போடும் வரைக்கும் போய், கடைசியில் காரணம் இந்த ஓரத்து மண்தான் என்று தெரிந்த குளங்கள் உண்டு.

சரி, கசிவு இல்லை என்றால் சம்புவை ஒழிக்க மருந்தே வேண்டாம். கதிர் விட்டு, பஞ்சு பறக்கத் தொடங்கும் முன்பு, ஒவ்வொரு தண்டையும் நீர்மட்டத்துக்கு அரையடி கீழே வெட்டிவிடுங்கள். அந்தச் சமயத்தில்தான் கிழங்கில் சேமிப்பு குறைவாக இருக்கும். காய்ந்த தண்டைக்கூட விடக் கூடாது. ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது உறிஞ்சுகுழலாகிக் கிழங்குக்குக் காற்றைக் கொடுத்துவிடும். வெட்டிய இடம் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். மீண்டும் குருத்து எழும், அதையும் வெட்டுங்கள். மூச்சு கிடைக்காமல் கிழங்கு அழுகிவிடும்.

கசிவு இருந்தால் இந்த வழி பயன்படாது. நீர்மட்டம் இறங்கி வெட்டிய முனை வெளியே தெரிந்துவிட்டால் உழைப்பு முழுதும் வீண். அப்போது, வெயில் கடுமையில்லாத ஒரு வாரமாகப் பார்த்து, மீனையும் அல்லியையும் நிழலில் பெரிய டப்பில் மாற்றிவிட்டுக் குளத்தை வடித்துவிடுங்கள். கிழங்கைக் கையால் துழாவி, மெதுவாக, முழு நீளத்துக்கும் எடுங்கள். மண்வெட்டியை உள்ளே விடாதீர்கள், நல்ல ஷீட்டும் கிழியும். கிழங்கு துளைத்த இடத்தைக் கழுவிக் காயவைத்து, அதே வகை ஷீட்டில் ஒட்டுப் போடலாம்.

இனி எதை வைப்பது? என்ன வைத்தாலும் தொட்டியில்தான். குளத்தடியில் மண் பரப்பி நேரடியாக நடுவது உங்கள் அளவுக் குளத்துக்கு ஒத்துவராது. தொட்டி அகலமாக, அடியில் ஓட்டை இல்லாததாக இருக்கட்டும். மண், செம்மண்ணும் களிமண்ணும் கலந்தது போதும். தென்னை நார்த்தூள் கலந்த நர்சரிக் கலவை வேண்டவே வேண்டாம், அது மிதக்கும், தண்ணீரைக் கலக்கும், அடியில் அழுகும். வாங்கிய செடியின் வேரில் ஒட்டியிருப்பதையும் அலசிவிட்டு நடுங்கள். மண்ணுக்கு மேலே ஓரங்குலத்துக்குக் கூழாங்கல். எருவும் மண்புழு உரமும் குளத்துக்குள் போனால் பாசிதான் வளரும். மீன் கழிவே இந்தச் செடிகளுக்குப் பெரும்பாலும் போதும்.

ஆழம் என்று நான் சொல்வது குளத்தின் ஆழத்தை இல்லை. தொட்டி மண்ணின் மேற்பரப்புக்கு மேலே எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. தொட்டிக்கு அடியில் சுட்ட செங்கல்லோ கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட்டோ வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஷீட்டுக்கும் அதற்கும் நடுவில் பழைய மிதியடி ஒன்று போட்டுவிடுங்கள். புது சிமென்ட் பிளாக் வேண்டாம், அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், மீனுக்கு ஆகாது.

முதலில் குடைக்கோரை. ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று எல்லா நர்சரியிலும் கிடைக்கும். இதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் வெயிலை நன்றாகத் தாங்கும். நாலைந்து அடி உயரம் வரும். மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரில் தொடங்குங்கள், செடி கனத்த பிறகு ஆறு அங்குலம் வரை போகலாம். ஒரு செடி வாங்கினால் போதும். குடையைக் கொஞ்சம் காம்போடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் தலைகீழாகப் போட்டு வையுங்கள். சில வாரத்தில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் வரும். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடமே இந்த வேலையைக் கொடுங்கள், தினமும் எட்டிப் பார்ப்பார்கள். விதை விழுந்தும் இது முளைக்கும் என்பதால் பூ பழுத்துப் பழுப்பாகும்போது அந்தக் குடைகளை வெட்டிவிடுங்கள்.

பாப்பிரஸ் மேல் உங்களுக்கு ஆசை இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. தாராளமாக வையுங்கள். ஆனால் பெரிய பாப்பிரஸ் நன்றாக வந்தால் உங்கள் தலைக்கு மேலே போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த உயரத் தண்டு ஒடிந்து தொங்கும். மேற்கே சுவர் மறைப்பு இருந்தால் பெரியது, இல்லையென்றால் இரண்டு மூன்று அடியில் நிற்கும் குள்ள வகை. எனக்குக் குள்ள வகைதான் பிடிக்கும். உங்கள் குளத்தின் அளவுக்கு அதுதான் பொருத்தம், தலைப்பூவும் கண் மட்டத்துக்குக் கீழே விரிந்து நிற்கும். ஒரு தண்டு சில மாதம் நின்று தானாகவே பழுப்பாகும், அது நோய் இல்லை. பழுத்த தண்டை வெட்டுங்கள், ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே. சம்புவைக் கொல்லும் வெட்டு பாப்பிரஸையும் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊர்க் கோரையை வீட்டுக் குளத்துக்கு யாரும் நினைப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்காகப் பயிர் செய்கிறார்களே, அந்தக் கோரை. பத்தமடைப் பாயும் தாமிரபரணிக் கரைக் கோரையில் பிறந்ததுதான். முக்கோணத் தண்டு, நல்ல பச்சை, இடுப்புயரம், காற்றுக்கு மொத்தமாகச் சாய்ந்து எழும். வெயில், உவர்ப்பான போர் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். இதன் கிழங்கு ஊரும் என்பதால் தொட்டிக்குள் அடைத்தே வைக்க வேண்டும். வருடம் ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்துப் பாதியைப் பிரித்துவிட வேண்டும். காவிரிக் கரைப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு பிடி வேரோடு கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் உங்கள் மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டும். அவர் பயப்படும் கோரை உண்மையிலேயே பயப்பட வேண்டியதுதான். வயலிலும் தோட்டத்திலும் மண்ணுக்கடியில் மணி மணியாகக் கிழங்கு கோத்துக்கொண்டு, பிடுங்கப் பிடுங்க முளைக்கும் அது வேறு செடி. ஒரே குடும்பம், ஆனால் வாழும் முறை வேறு. அவர் அனுபவத்தை ஒதுக்காதீர்கள். அது இந்தக் காரியத்துக்கு நேராகவே உதவும். ‘குளத்துச் செடிக்கு நல்லது’ என்று யாராவது வயல் மண் கொண்டுவந்து கொடுத்தால், அந்தக் கிழங்கும் கூடவே வரும். அப்படி வரும் மண்ணைக் காயவைத்துச் சலித்து, அவர் கண்ணில் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். அவருக்குத் தெரியாத கோரைக்கிழங்கு இருக்காது.

கொஞ்சம் நிழல் விழும் ஓரம் இருந்தால் வசம்பு வையுங்கள். புல் இல்லை, ஆனால் வாள் வாளாக நிற்கும் இலை அந்த இடத்துக்கு வேண்டிய அழகைக் கொடுக்கும். கசக்கினால் மணக்கும். ஓரங்குலத் தண்ணீர் போதும்.

அப்புறம், ஒரு தொட்டியில் நெல். சொல்லும்போது பலர் சிரிக்கிறார்கள், வளர்ந்த பிறகு குளத்தில் முதலில் கண் போவது அங்கேதான். கருப்புக் கவுனியோ உங்களுக்குக் கிடைக்கும் வேறு மரபு நெல்லோ, சம்பா பட்டத்தில் நாற்று விட்டு, இருபது இருபத்தைந்து நாளில் அகலத் தொட்டியில் நான்கைந்து குத்தாக நடுங்கள். இரண்டங்குலத் தண்ணீர். கதிர் வாங்கும் நேரத்தில் சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும். அவை தின்றது போக மிச்சம் இருப்பது உங்களுக்கு.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாணல் வெண்பூ விட்டு நிற்பது அவ்வளவு அழகு, ஆனால் அது ஆற்றங்கரையில் நிற்க வேண்டியது. அதன் கிழங்கு ஓட்டத்தை வீட்டுத் தோட்டம் தாங்காது. ‘ஹார்ஸ்டெயில்’ என்று மூங்கில் கணு வைத்த பச்சைக் குச்சிகளாக விற்பது அடைத்த தொட்டியில் மட்டும், தரையில் ஒருபோதும் இல்லை. இணையத்தில் வரும் ஐரோப்பியக் குளங்களில் பார்க்கும் கேரெக்ஸ், வரி போட்ட மிஸ்கேந்தஸ் எல்லாம் குளிர் நாட்டுச் செடிகள். ஊட்டியில் வீடு இருந்தால் முயலலாம், வடவள்ளி வெயிலில் காசைக் கரைக்கும்.

இப்போது அந்தச் சேற்று மூலை. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். உள்ளே போன உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவில்தான் இருக்கும். அதை ஷீட் விரித்த குழியில் விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே அந்த மூலையில் ஷீட் வேண்டாம், மண் இப்போதே ஈரத்தைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பி, மிகுந்த தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்காலும் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒவ்வொரு வருடமும் அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும். ஏ.சி. தண்ணீர் இருந்தால் அதையும் இங்கே விடுங்கள், அதில் உப்பே இல்லை. பாத்திரம் கழுவும் எண்ணெய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

அந்த இடத்துக்கு வெட்டிவேரை மிஞ்சிய புல் இல்லை. உப்பைத் தாங்கும், சேற்றைத் தாங்கும், நாட்கணக்கில் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும், மழை பொய்த்துக் காய்ந்தாலும் நிற்கும். கிழங்கு ஓடாது, குத்தாகவே பருக்கும். நம் பக்கத்து வகை விதை விழுந்து பரவுவதும் அரிது. வேர் பத்தடி வரைக்கும் நேராகக் கீழே இறங்கக் கூடியது. கடலூர்க் கடலோர மணலில் வேருக்காகவே பயிர் செய்கிறார்கள். ஓரடி இடைவெளியில் ஐந்தாறு குத்து வைத்தால் ஒரு வருடத்தில் தலையைச் சாய்த்து நீரூற்று விழுவதாகத் தெரியும். அதன் முன்பக்கம் கல்வாழை இரண்டு வையுங்கள், பச்சைக்கு நடுவில் நிறம் வரும். கொஞ்சம் வேரைத் தோண்டி மண்பானைத் தண்ணீரில் போட்டால் மாமியாருக்கும் இந்தப் புல்லின் மேல் ஒரு பிரியம் வரும் என்று நம்புகிறேன்.

பள்ளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியத் தேங்கக் கூடாது. மண் போட்டு மேடாக்கி, ஈரம் மண்ணுக்குள் ஓரங்குலம் கீழே நிற்கும்படி செய்து, மேலே ஜல்லி பரப்புங்கள். மீன் இல்லாத தேங்கல் எதுவானாலும் கொசுதான். குளத்தில் கப்பி இருப்பது நல்லது, ஆனால் செடிகள் நெருக்கமாக அடைத்துக்கொண்டால் மீன் உள்ளே நுழைய முடியாமல் புழு தப்பித்துவிடும். தொட்டிக்கும் தொட்டிக்கும் ஓரடி இடைவெளி விடுங்கள். இந்தப் புல் தண்டுகளால் இன்னொரு லாபமும் உண்டு. தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது, கொசுப் புழுவைத் தின்றுதான் வளர்கிறது. சிறகு முளைத்து வெளியே வர அது ஏறுவதற்கு நீரிலிருந்து மேலே நிற்கும் ஒரு தண்டு வேண்டும். வெறும் அல்லிக் குளத்தில் அந்த ஏணி இல்லை. காலையில் கோரைத் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கூடுகளைக் கண்டால் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், தட்டான் வெளியேறிய அடையாளம் அது.

பாம்பு விஷயத்தில் நான் ஆறுதலுக்காக எதையும் சொல்ல மாட்டேன். தண்ணீர் இருந்தால் தவளை வரும், தவளைக்குத் தண்ணீர்ப்பாம்பு வரலாம். அதற்கு விஷமில்லை. கவலைப்பட வேண்டியது விரியன் மாதிரியானவை ஒளிந்துகொள்ளும் காய்ந்த சருகையும் அடர்ந்த தூரையும் பற்றித்தான். வெட்டிவேர்க் குத்துகளின் காய்ந்த அடி இலைகளை மாதம் ஒருமுறை நீளப் பிடி அரிவாளால் கழித்துவிடுங்கள், கையை நேராகத் தூருக்குள் விட வேண்டாம். வீட்டு வாசலுக்கும் புல்லுக்கும் நடுவில் நாலடிக்கு வெறும் ஜல்லித் தரை இருக்கட்டும். இரவில் அந்தப் பக்கம் போக ஒரு விளக்குப் போடுங்கள்.

நடுவதை ஆடிக் காற்று தணிந்து ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்திலிருந்து எடுக்கும் சம்புக் கிழங்கை எந்தக் குளத்திலும் ஓடையிலும் போட வேண்டாம், குப்பை வண்டியிலும் பச்சையாகப் போட வேண்டாம். ஏற்கெனவே ஆகாயத்தாமரையில் திணறும் நம் குளங்களுக்கு வீட்டுத் தோட்டத்திலிருந்து இன்னொரு சுமை போகக் கூடாது. மொட்டைமாடியில் பரப்பிவிடுங்கள். கையால் ஒடித்தால் சட்டென்று முறியும் அளவுக்குக் காய்ந்த பிறகு உரக்குழியில் போடலாம். பஞ்சு வெடிக்கும் நிலையில் இருக்கும் கதிர்களை மட்டும் முதலிலேயே தனியாக வெட்டிச் சாக்கில் கட்டிவிடுங்கள். ஒரு கதிருக்குள் லட்சத்தைத் தொடும் விதை இருக்கும், மாடிக் காற்றுக்கு அது போதும்.